லுங்தன் சபை நிலத்தில் பிக்குவின் குடிசை

அனுப்புநர்:
செல்வி பார் தியால்,
மிஷன் ஊழியர், லுங்தன் திருச்சபை,
லுங்தன் கிராமம், சின் மலைப்பகுதி.
(தற்சமயம் சபை வளாகத்தில், தமாபின் ஊராருடன்)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
வட்டார மக்கள் நிர்வாகம்,
சிம்துய்.

பொருள்: தமாபின் ஊராரை ஆற்றங்கரை முகாமுக்கு மாற்றும் ஆணையை ரத்து செய்யவும், பிக்கு ஊ கொண்டண்ணா அவர்களுக்காக எங்கள் சபை நிலத்தில் எழுப்பிவந்த குடிசையைக் கட்டி முடிக்க அனுமதிக்கவும், அவரிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சவரக் கத்தியைத் திருப்பித் தரவும் வேண்டி.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் லுங்தனில் பிறந்தவள். வயது நாற்பத்திரண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபை என்னைத் தேர்ந்தெடுத்து, மலையடிவாரத்திலுள்ள தமாபின் என்னும் பர்மிய ஊருக்கு நற்செய்தி ஊழியத்துக்காக அனுப்பியது. எங்கள் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைச் சபை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் பிடி அரிசியை விற்ற பணத்தில்தான் என் தையல் இயந்திரமும் என் சாப்பாடும் வந்தன. ஆகவே நான் யாருக்குக் கடமைப்பட்டவள் என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

2. நான் தமாபினுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. மலையிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண் மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்று ஊரே பேசியது. ஊர்த் தலைவர் என்னை அன்றே திருப்பி அனுப்ப நினைத்து, விகாரையில் இருந்த பிக்கு ஊ கொண்டண்ணா அவர்களிடம் அழைத்துப் போனார். பிக்கு என்னையும் பார்த்தார், வெளியே கொட்டும் மழையையும் பார்த்தார். "மழைக்காலத்துல யாரையும் வெளியே அனுப்புற வழக்கம் நமக்கில்ல. மழை விடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். மழை விட்டது. அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அறுவடை முடிந்து வைக்கோல் காயும் வெயிலில் ஊர்த் தலைவர் நினைவூட்டியதற்கு, இன்னும் தூறல் போடுகிறதே என்று சொல்லிவிட்டாராம். அப்படித்தான் நான் அந்த ஊரில் ஏழு ஆண்டுகள் இருந்தேன்.

3. அங்கே துணி தைத்தேன். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன். கேட்க விரும்பியவர்களுக்கு இயேசுவைப் பற்றிச் சொன்னேன். தைக்கக் கொடுத்த துணி முடியும் வரை பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் எழுந்து போவார்கள். பக்கத்து வீட்டில் டீக்கடை வைத்திருந்த டோ சான் யீ அக்கா மட்டும் என்னோடு நாள் தவறாமல் வாதாடுவார். "உன் சாமி நல்ல சாமிதான், பார். ஆனா எனக்கு இருக்கிற சாமிக்கே பூ வைக்க நேரமில்ல" என்பார். வாதம் முடிந்ததும் ஒரு தட்டு ஊறிய தேயிலையும் வறுத்த கடலையும் என் பக்கம் தள்ளுவார்.

ஆண்டுதோறும் சபை மிஷன் கமிட்டிக்கு நான் அறிக்கை தர வேண்டும். கமிட்டியின் செயலர் மூப்பர் பாவி மங் அவர்கள் கண்டிப்பானவர். ஞானஸ்நானம் பெற்றவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஏழு ஆண்டும் நான் தந்த பதில் ஒன்றே: ஒருவரும் இல்லை. கடைசி ஆண்டுக் கூட்டத்தில், "அங்கே மிஷன் நடக்குதா, தையல் கடை நடக்குதா?" என்று கேட்டார். சபையார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அடுத்த கூட்டம் கூடுவதற்குள் போர் வந்துவிட்டது.

4. சென்ற மார்ச் மாதம் ராணுவம் தமாபினுக்குள் நுழைந்து வீடுகளுக்குத் தீ வைத்ததை, அந்த ராணுவத்தை எதிர்த்து நிற்கும் தங்கள் நிர்வாகமே பதிவு செய்துள்ளது. ஊர்த் தலைவர் கொல்லப்பட்டார். விகாரையும் டீக்கடையும் என் குடிசையும் எரிந்தன. தப்பியவர்கள் எள்ளுக் காட்டுக்குள் ஓடினோம். சமவெளிச் சாலைகள் எல்லாம் ராணுவத்தின் கையில் இருந்தன. எங்கே போவது என்று எல்லாரும் பிக்குவைக் கேட்டார்கள். பிக்கு என்னைப் பார்த்தார். சான் யீ அக்காதான் வாய் திறந்து கேட்டார்: "பார், உங்க ஊருக்கு வழி தெரியும்ல?"

தெரியும் என்றேன். எங்கள் ஊரிலும் புதுக் கல்லறைகள் இருக்கின்றன என்பதை நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளைச் சுட்டவர்கள் பேசியதும் இவர்கள் பேசும் பர்மிய மொழிதான் என்பதையும் சொல்லவில்லை. வழி தெரியும், கதவு திறக்குமா என்பது தெரியாது. அந்த நிலையில்தான் முப்பத்தொரு குடும்பங்களை மலைமேல் நடத்தி வந்தேன். நடக்க முடியாதவர்களைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பிக்கு வெறுங்காலோடு எல்லாருக்கும் பின்னால் வந்தார். முன்னே வரும்படி அழைத்தபோது, யாராவது உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஒருவர் வேண்டுமே என்றார்.

5. ஊர் எல்லையில் காவலுக்கு நின்ற இளைஞர் வான் பிக் எங்களைத் தடுத்தார். அவருடைய அண்ணன் சென்ற ஆண்டு ராணுவத்தின் குண்டுக்குப் பலியானவர். வான் பிக் துப்பாக்கியைத் தூக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வழியில் நின்றார், அவ்வளவுதான். "அக்கா, நீ மட்டும் வா. இவங்கள எதுக்கு ஏத்திக்கிட்டு வந்த?" என்று எங்கள் மொழியில் கேட்டார். பின்னால் நின்றவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. சிலர் மூட்டையை மறுபடி தோளில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது யாரோ சொல்லி மூப்பர் பாவி மங் அவர்கள் வந்தார். வரிசையை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்த்தார். தூளியில் கிடந்தவர்களைப் பார்த்தார். கடைசியில் நின்ற பிக்குவின் கால்களைப் பார்த்தார், அவை கிழிந்திருந்தன. திரும்பி வந்து என்னிடம், "இத்தனை வருசம் ஒருத்தரையாவது கூட்டிட்டு வந்தியான்னு கேட்டோம். இப்ப ஊரையே கூட்டிட்டு வந்துட்ட" என்றார். பிறகு வான் பிக்கின் தோளில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வான் பிக் வழிவிட்டு ஒதுங்கினார். அன்று மதியம் ஆலயத்தின் பெஞ்சுகள் எல்லாம் வெளியே வந்தன. தமாபின் உள்ளே போனது.

6. அன்று முதல் எங்கள் பெண்கள் சங்கத்தின் பிடி அரிசி அந்த மக்களின் உலைக்குப் போகிறது. அரிசி போதாத நாளில் சோளக் கஞ்சி. முதல் நாள் கஞ்சியைப் பார்த்த சான் யீ அக்கா, "இது கோழிக்குப் போடுறதுல்ல?" என்று என் காதில் கேட்டார். பரிமாறிய பெண்ணுக்குப் பர்மிய மொழி தெரியும் என்பதை அவர் அறியவில்லை. "கோழியே சாப்பிடுதுன்னா நல்லதாத்தான் இருக்கும், குடிங்கம்மா" என்று அந்தப் பெண் பதில் சொல்ல, ஊரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்போது தமாபின் ஆண்கள் எங்கள் சரிவு நிலத்தில் நிலக்கடலை போட்டிருக்கிறார்கள். இங்கே விளையாது என்று எங்களவர்கள் அடித்துச் சொன்னார்கள், முளைத்து நிற்கிறது. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். சென்ற மாதம் தமாபின் பெண்கள் பெண்கள் சங்கத்திடம் வந்து தங்களுக்கும் ஒரு பானை வேண்டும் என்று கேட்டார்கள். எதற்கு என்றால், மேற்கே எரிந்துபோன இரண்டு சின் கிராமத்தாருக்குத் தாங்களும் பிடி அரிசி எடுத்துவைக்கப் போகிறார்களாம். நாம் கொடுக்கும் அரிசியிலேயே பிடி எடுத்து நம்மவர்களுக்கே கொடுப்பதா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். சங்கத் தலைவி மட்டும் எழுந்துபோய்த் தன் வீட்டுப் பானையையே கொண்டுவந்து கொடுத்தார்.

7. இனி குடிசை விஷயம். பெண்கள் உறங்கும் கூரையின் கீழ் பிக்கு உறங்கக் கூடாது. ஆகையால் வந்த நாள் முதல் அவர் ஆலய மணிக்கூண்டின் அடியில் படுத்தார். வாசோ மாதப் பௌர்ணமி முதல் மூன்று மாதம் பிக்குகள் ஒரே இடத்தில் கூரையின் கீழ் தங்கியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. இதைப் பிக்கு யாரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். மூப்பர் பாவி மங் அவர்களே சபைக் கூட்டத்தில் எழுந்து, ஆலயத்துக்குக் கீழேயுள்ள பிளம் தோப்பின் ஓரத்தில் ஒரு மூங்கில் குடிசை போட்டுத் தரலாம் என்றார்.

கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. வான் பிக் உட்படப் பலர் எதிர்த்தார்கள். நம் முன்னோர் ஆண்டவருக்கென்று கொடுத்த நிலத்தில் புத்த பிக்குவுக்கு இடமா என்று கேட்டார்கள். மூப்பர் தம் வேதாகமத்தை நீட்டி, "வீடு எரிஞ்ச மனுசன் மூணு மாசம் மழையில கிடக்கட்டும்னு இதுல எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க. காட்டுனா நான் உட்கார்ந்துடுறேன்" என்றார். யாரும் வாங்கவில்லை. கைகளை எண்ணியபோது குடிசை வேண்டும் என்ற கைகள் சற்றே அதிகம். அந்தத் தீர்மானத்தின் நகலை இணைத்துள்ளேன்.

8. இம்மனுவின் புகார் இதுவே. மே மாதக் கடைசியில் தங்கள் நிவாரணப் பிரிவு அலுவலர் திரு. கியோ லியன் அவர்கள் மோட்டார் சைக்கிளில் லுங்தன் வந்தார். எங்களைப் பற்றி இரண்டு புகார்கள் வந்துள்ளன என்றார். ஒன்று, நாங்கள் அரிசியைக் காட்டிப் பர்மியர்களை மதம் மாற்றுகிறோம் என்பது. மற்றொன்று, பிக்கு ராணுவத்துக்கு உளவு சொல்கிறார் என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஊரார் நடுவில் பிக்குவின் பையைச் சோதித்தார். அதில் நான் தைத்துக் கொடுத்த மேலாடை, தண்ணீர் வடிகட்டும் துணி, சவரக் கத்தி ஆகியவை மட்டுமே இருந்தன. கத்தியை ஆயுதம் என்று எடுத்துக்கொண்டார். குடிசைக்கு நட்டிருந்த மூங்கில் கால்களைப் பிடுங்கச் சொன்னார். உடன் வந்தவர்கள் பிடுங்கினார்கள். ஜூன் முடிவதற்குள் அனைவரும் ஆற்றங்கரை முகாமுக்குப் போக வேண்டும் என்ற ஆணையை ஆலயக் கதவில் ஒட்டிவிட்டுச் சென்றார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் கீழ்க்கண்டவற்றைச் சொல்லியிருப்போம்.

9. முதல் புகாருக்குப் பதில். ஏப்ரல் மாதம் சான் யீ அக்கா என்னிடம் வந்து, தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்றார். தலைவர் அவர்களே, ஏழு ஆண்டுகளாக நான் யாருக்காக முழங்காலில் நின்றேனோ அவர் வந்து கேட்டார். அவருடைய மகள் குடும்பமும் சேர்ந்தே கேட்டது. அன்று நான் எப்படி நின்றேன் என்பதை இம்மனுவில் எழுதத் தேவையில்லை. இப்போது வேண்டாம் என்று சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழு வருசமா நீதான் கூப்பிட்ட. இப்ப வர்றேங்கிறேன், வேண்டாங்கிறியே" என்றார். "அக்கா, இங்கே எங்க சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. நன்றிக்காகக் கேட்கிறீங்களா, நம்பித்தான் கேட்கிறீங்களான்னு உங்களுக்கே தெரியாது. உங்க வீட்டுல உங்க அடுப்பு எரியட்டும். அன்னிக்கும் இதே மனசு இருந்தா நானே கையப் புடிச்சு ஆத்துல இறக்குறேன்" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, அதுவரைக்கும் வாதாடலாமா என்று கேட்டார். வாதாடலாம் என்றேன். இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் கமிட்டியில் அறிவித்தபோது, என்னைக் கண்டிப்பார்கள் என்று எண்ணினேன். மூப்பர் பாவி மங் அவர்கள் தீர்மானப் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்தார். பிறகு, தமாபின் மக்கள் ஊர் திரும்பும் வரை இவ்வளாகத்தில் அவர்களில் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தைத் தாமே எழுதினார். அதன் நகலும் இணைப்பில் உள்ளது.

10. இரண்டாம் புகாருக்குப் பதில் சுருக்கமானது. பிக்குவின் விகாரையை எரித்தவர்கள் ராணுவத்தினர். அவர் கண்ணெதிரே ஊர்த் தலைவரைச் சுட்டவர்களும் அவர்களே. அவரிடம் கைபேசி கிடையாது. ஞாயிறு ஆராதனை நேரத்தில் அவர் ஆலய முற்றத்தைப் பெருக்குகிறார்; அப்போது நாங்கள் பாடும் பாட்டுகளை யாருக்காவது உளவு சொல்கிறாரா என்று மூப்பர் கேட்டதற்கு, உங்கள் ஆண்குரல்கள் சுருதி சேரவில்லை என்ற செய்தி மட்டும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். தற்சமயம் இருவரும் மூப்பருடைய சவரக் கத்தியையே பயன்படுத்துகிறார்கள். மூப்பருக்கு அது அவ்வளவு விருப்பமில்லை. ஆகவே மேற்படி கத்தியை விரைவில் அனுப்பினால் இருவருக்கும் உதவியாக இருக்கும்.

11. ஆற்றங்கரை முகாமைப் பற்றித் தங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மரமில்லாத மணல்திட்டு அது. போர் விமானங்கள் ஆற்றின் போக்கிலேயே வருகின்றன. சென்ற மாதம் அங்கே விழுந்த குண்டில் காயப்பட்டவர்களுக்கு எங்கள் பெண்கள்தான் போய்க் கட்டுப் போட்டார்கள். மழை வலுத்தால் திட்டுக்குள் தண்ணீர் ஏறும். ஒருமுறை தீயிலிருந்து ஓடிவந்தவர்களை அங்கே இறக்கிவிட என்னால் முடியாது என்பதை மரியாதையுடனும் தெளிவாகவும் தெரிவிக்கிறேன்.

கடந்த வாரம் அவர்களை ஏற்றிச் செல்ல இரண்டு லாரிகள் வந்தன. மூட்டைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு நின்றார்கள். ஓட்டுநர்கள் கஞ்சி குடித்தார்கள். முளைத்திருந்த கடலையைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே, "பாதை வழுக்குது. ஆளுங்கள ஏத்துனா வண்டி நிக்காது. அப்படித்தான் சொல்லப்போறேன்" என்றார். அன்று பாதை ஓரளவு காய்ந்துதான் இருந்தது. அவருடைய பெயரை எழுத எனக்கு மனமில்லை. தாங்களும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலர் பிடுங்கச் சொன்ன மூங்கில்களை அதற்கு மறுநாளே காணவில்லை. விறகுக்குப் போயிருக்கும் என்று நினைத்தோம். குடிசையை எதிர்த்த வான் பிக் அவற்றை, கால்களின் மேல் நிற்கும் தம் வீட்டுக்கு அடியில் நனையாமல் அடுக்கி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நனைஞ்சா மூங்கில் உளுத்துப்போகும், அவ்வளவுதான்" என்றார். ஆனால் இம்மனுவின் அடியில் அவருடைய கையெழுத்தும் உள்ளது.

12. ஆகவே நான் கேட்பவை இவையே. இடமாற்ற ஆணையை ரத்து செய்து, ஊர் திரும்பும் காலம் வரும் வரை தமாபின் மக்கள் லுங்தனில் இருக்க அனுமதியுங்கள். ஜூலை மாதம் வரும் வாசோ பௌர்ணமிக்கு முன் பிக்குவின் குடிசைக்குக் கூரை போட விடுங்கள். கத்தியைத் திருப்பித் தாருங்கள். எங்கள் மீது ஐயம் இருந்தால் வேறு அலுவலரை அனுப்ப வேண்டாம், தாங்களே வாருங்கள். யாரை வேண்டுமானாலும் தனியாக அழைத்து, எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்த நாட்டில் யாரை யார் நம்புவது என்று தெரியாத காலம் இது. பல ஆண்டுகளாக நான் தமாபினில் விதைத்தது எதுவும் முளைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முளைத்து நிற்பதன் பெயர் என்ன என்று மட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தாங்கள் வந்து பார்த்தால் ஒருவேளை தங்களுக்குத் தெரியலாம்.

வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் எங்கள் பெண்கள் சமைத்து வைப்பார்கள். பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை. ஆகையால் தயவுசெய்து காலையிலேயே வாருங்கள். தங்களோடு சேர்த்து அவருக்கும் இலை போட முடியும்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
பார் தியால்

இடம்: லுங்தன்
நாள்: 14 ஜூன் 2022

உடன் ஒப்பமிடுவோர்:
மூப்பர் பாவி மங், மிஷன் கமிட்டிச் செயலர்
ஊ கொண்டண்ணா, தமாபின் விகாரை
டோ சான் யீ, தமாபின்
வான் பிக், ஊர்க் காவல்

இணைப்பு: சபைத் தீர்மானங்கள் இரண்டின் நகல்.